அணை ஏரி மட்டம் ஏறி இறங்குகிறது. கேட்டால் "வரம்புக்குள்தான்" என்கிறார்கள். எதை அளப்பது, யாரிடம் கேட்பது?

கெப்போங்வாசி:

வணக்கம். மலேசியத் தீபகற்பத்தில் ஒரு நீர்மின் அணை ஏரிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நிலம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் இங்கே வேண்டாம். மேட்டில் டுரியான், தாழ்வில் வாழை, தண்ணீரில் திலாப்பியா கூண்டுகள்.

பிற்பகலில் மட்டம் இறங்கத் தொடங்கினால் இரவுக்குள் கூண்டின் அடிவலை சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. பருவமழையில் அதே ஏரி வாழைக்குள் ஏறி நாள்கணக்கில் நிற்கிறது. வடிந்த கையோடு கரை பாளம் பாளமாகச் சரிகிறது. எழுதிக் கேட்டால், "நீர்மட்டம் அனுமதிக்கப்பட்ட இயக்க வரம்புக்குள் உள்ளது" என்று ஒரே வரியில் பதில் வருகிறது.

எங்கள் கையில் இருப்பது வாட்சாப் படங்களும், படகுத்துறைத் தூணில் பெயின்டால் போட்ட கோடும்தான். எல்லாருக்குமாகச் சேர்த்து மனு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எதை அளந்தால் செல்லும்? எந்தத் தரவைக் கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அணைக்கணக்கு (செந்தூல்):

அந்த ஒரு வரிப் பதில் உண்மையாகவே இருக்கலாம். சண்டையை அங்கே போடாதீர்கள். "இயக்க வரம்பு" என்பது ஏரியின் முழு மட்டத்துக்கும், டர்பைன் வாய்க்குள் காற்று புகாமல் ஓடக்கூடிய குறைந்தபட்ச மட்டத்துக்கும் இடைப்பட்ட உயரம். பல ஏரிகளில் இது பல மீட்டர். அதற்குள் எங்கே நின்றாலும் "வரம்புக்குள்" என்று எழுதிவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு மூன்று. மணிக்கு எவ்வளவு வேகத்தில் இறங்கியது? இறங்கும் முன், கதவு திறக்கும் முன், யாருக்கு எப்போது சொன்னார்கள்? மழைக்காலத்துக்கு முன் வெள்ளத்துக்கென்று இடம் காலி செய்து வைத்தார்களா?

மூன்றாவது கேள்விக்கு விடை ரூல் கர்வ் என்ற அட்டவணையில் இருக்கும். எந்தத் தேதியில் மட்டம் எதைத் தாண்டக் கூடாது என்பதைச் சொல்வது அது. முல்லைப் பெரியாறு செய்திகளில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 2014 தீர்ப்புப்படி 142 அடி வரை தேக்கலாம். ஆனாலும் ரூல் கர்வ் பத்துப் பத்து நாளாகப் பிரித்து அதற்குக் கீழே ஓர் உச்சத்தை வைக்கிறது. 2021 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றம் நவம்பர் 10 வரை 139.5 அடி என்று சொன்னது. 142 அடிக்குக் கீழேதான் இருக்கிறோம் என்பது மட்டும் அங்கே பதிலாகாது, அன்றைய தேதிக்கு உரிய மட்டம் என்ன என்பதே கேள்வி. உங்கள் ஏரிக்கும் இப்படி ஓர் அட்டவணை உண்டா, உண்டென்றால் அதன் நகல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இறங்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு. மின்திறன் (கிலோவாட்) = 9.81 × நீரோட்டம் × நீர் விழும் உயரம் × செயல்திறன். 25 மெகாவாட் இயந்திரம், 100 மீட்டர் உயரம், 0.9 செயல்திறன் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 28 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் கன மீட்டர். ஏரியின் பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றால் மட்டம் மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும். 10 சதுர கிலோமீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர்தான். உள்ளே வரும் ஆற்றுநீரை இதிலிருந்து கழிக்க வேண்டும். சின்ன ஏரிக்காரர்களுக்கு அடி பலமாக விழுவது இதனால்தான். உங்கள் ஏரியின் பரப்பையும் இயந்திரங்களின் எண்ணிக்கையையும் போட்டுப் பாருங்கள். உங்கள் தூணில் கண்ட இறக்கம் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று உடனே தெரியும்.

வண்டலையும் கேளுங்கள். கேமரன் மலையின் ரிங்லெட் ஏரி கட்டும்போது மொத்தக் கொள்ளளவு 6.7 மில்லியன் கன மீட்டர்தான். மேலே காடு வெட்டித் தோட்டமும் கட்டடமுமாக ஆனதில் மண் வந்து குவிந்து, அதில் பெரும் பங்கு போய்விட்டது. கொள்ளளவு குறைந்த ஏரி கொஞ்ச மழைக்கே நிரம்பும், கொஞ்ச ஓட்டத்துக்கே வற்றும். ஆகவே கடைசியாக ஏரியின் அடியை அளந்தது எந்த ஆண்டு, மட்டத்துக்கு ஏற்ற கொள்ளளவு அட்டவணை அதற்குப் பின் திருத்தப்பட்டதா என்ற இரண்டும் மனுவில் இருக்கட்டும். பழைய அட்டவணையை வைத்து இயக்கினால், வெள்ளத்துக்கு இடம் இருப்பதாகக் காகிதம் சொல்லும், ஏரியில் இருக்காது.

இன்னொன்று. எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை அணையில் இருக்கும் ஆள்கள் முடிவு செய்வதில்லை. அது கோலாலம்பூரில் உள்ள மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு மையத்தின் உத்தரவு. நீர்மின் இயந்திரம் சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும். அதனால் பிற்பகல், இரவு உச்ச நேரங்களுக்கும், வேறு நிலையம் திடீரென்று நின்றுபோகும்போதும் இதைத்தான் கூப்பிடுவார்கள். கேட்டில் நிற்கும் காவலாளியிடம் சத்தம் போட்டுப் பயனில்லை.

பட்டர்வொர்த் சர்வே:

தூணில் போட்ட பெயின்ட் கோடு செல்லாது. அந்தத் தூண் சேற்றில் ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்கும் தெரியாதே. கைப்பேசி ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தையும் எழுதாதீர்கள், அது பல மீட்டர் தவறலாம்.

முதலில் அடிப்படை மட்டம், அதாவது உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம். தீபகற்பத்தில் இரண்டு புழங்குகின்றன. 1912இல் போர்ட் சுவெட்டன்ஹாம் கடல்மட்டத்தை வைத்து ஏற்பட்டது பழையது. 1984 முதல் 1993 வரை போர்ட் கிள்ளானில் அளந்த கடல்மட்டத்தை வைத்தது புதியது. பழைய அணைகளின் வரைபடங்கள் பழைய அடிப்படையில், அடிக்கணக்கில் இருக்கும். சில அணைகளில் கட்டும்போது வைத்த உள்ளூர் அடையாளமே அடிப்படை. நீங்கள் புதிய அடிப்படையில் அளந்து, அவர்கள் பழையதில் பதில் சொன்னால் இரண்டு எண்ணும் ஒட்டாது, மனு அங்கேயே விழுந்துவிடும். "உங்கள் மட்டக் கணக்கு எந்த அடிப்படையில்?" என்பதை முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

பிறகு அளவுகோல். பாலத்தின் தூண், வெட்டுப்பாறை, ஆழமாக அடித்த இரும்புக் குழாய் இவற்றில் ஒன்றில், சென்டிமீட்டர் பிரித்த பலகையைப் பொருத்துங்கள். வறட்சி மட்டத்துக்குக் கீழிருந்து வெள்ள மட்டத்துக்கு மேல் வரை எட்ட வேண்டும். ஒரே பலகை போதாது என்றால் சரிவில் படிப்படியாக இரண்டு மூன்று வைத்து, ஒன்றின் மேல் நுனியும் அடுத்ததன் கீழ் நுனியும் பத்து சென்டிமீட்டராவது ஒன்றின்மேல் ஒன்று வரும்படி பாருங்கள். பக்கத்திலுள்ள ஜூபெம் (நில அளவைத் துறை) பெஞ்ச்மார்க்கின், அதாவது உயரம் தெரிந்த அடையாளக் கல்லின், மதிப்பை வாங்கி, அங்கிருந்து லெவல் கருவியால் பலகைக்கு உயரம் கொண்டுவந்து, திரும்பவும் பெஞ்ச்மார்க்கிலேயே முடிக்க வேண்டும். முடியும்போது வரும் பிசகு 12 மில்லிமீட்டரைத் தூரத்தின் (கிலோமீட்டர்) வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் அளவுக்குள் இருக்கலாம். போய்வர 2 கிலோமீட்டர் என்றால் 17 மில்லிமீட்டர். இதை மட்டும் உரிமம் பெற்ற சர்வேயரிடம் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாம் நீங்களே செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் பலகை நகர்ந்திருக்கிறதா என்று மறுபடி சரிபார்க்க வேண்டும்.

தண்ணீரின் அழுத்தத்தை அளந்து தானாகப் பதியும் கருவி (லாகர்) வைக்கலாம். 4 அங்குல பி.வி.சி. குழாயின் அடிப்பக்கத்தில் சின்னத் துளைகள் போட்டு, அதற்குள் இறக்கினால் அலையடிப்பது அடங்கிவிடும். ஆனால் பெரும்பாலோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மலிவான லாகர் தண்ணீர் அழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். நம் ஊரில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் ஏறும், விடியற்காலை நான்கிலும் மாலை நான்கிலும் இறங்கும். வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல். 1 ஹெக்டோபாஸ்கல் என்பது தண்ணீரில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கரையில் இரண்டாவது லாகர் வைத்துக் கழிக்காவிட்டால், டர்பைன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் வரைபடத்தில் தினமும் இரண்டு முறை 3, 4 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் தெரியும். எதிர்த்தரப்பு நிபுணர் அதைத் தொட்டாலே மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

லாகரோடு ஒரு டைம்லாப்ஸ் கேமராவும் வையுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு படம் போதும். பலகையும் நேரமும் ஒரே படத்தில் விழ வேண்டும். பளபளக்கும் பலகை இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போய் எண் தெரியாது, மங்கலான பெயின்ட் அடித்த பலகைதான் சரி. போகும்போதெல்லாம் கேமரா கடிகாரத்தைச் சரிபார்த்து, எத்தனை நிமிடம் பிசகியிருந்தது என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

கெப்போங்வாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. லாகருக்கு இரண்டாவது ஒன்று வேண்டும் என்பது தெரியவே தெரியாது. ஒரு சந்தேகம்: ஏறுவது மழையாலா, மேலே இருக்கும் இன்னோர் அணையாலா என்று எப்படிப் பிரிப்பது? கரை சரிவதற்கும் மழைதான் காரணம் என்கிறார்களே?

அணைக்கணக்கு (செந்தூல்):

வரைபடத்தின் வடிவமே சொல்லிவிடும். டர்பைன் ஓட்டம் கூர்மையான முனையில் தொடங்கும், நேர்கோடாக இறங்கும், நிறுத்தியதும் அதே மாதிரி முனையில் நிற்கும். மழைநீர் வரும்போது மெதுவாக வளைந்து ஏறி, மழை விட்ட பிறகும் நீண்ட வால் விட்டு அடங்கும். மேல் அணை திறந்தால் உங்கள் ஏரி மழையே இல்லாமல் நேர்கோடாக ஏறும்.

பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று நான்கு அணைகள் வரிசையாக நிற்கின்றன. தெமெங்கோர் மாபெரும் ஏரி, மாதக்கணக்கில் தேக்கி வைக்கும். கீழே இருக்கும் சிறிய ஏரிகள் மேலிருந்து வருவதை வாங்கிக் கடத்துகின்றன. அப்படிப்பட்ட அமைப்பில் கீழ் ஏரிக்காரர் தன் அணையின் பதிவை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மேல் அணை விட்ட நீரின் மணிவாரிக் கணக்கும் வேண்டும்.

மழைக்கு ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) நடத்தும் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் மழை நிலையங்களும் ஆற்று மட்டங்களும் இருக்கின்றன. ஆற்றுக்கு நோர்மல் (இயல்பு), வஸ்படா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு நிலை போட்டிருப்பார்கள். உங்கள் ஏரிக்கு மேலேயுள்ள நிலையத்தைக் கண்டுபிடித்து அன்றன்றைக்கே பதிவிறக்கி வையுங்கள். அதை உங்கள் மட்ட வரைபடத்துக்கு நேர் கீழே, ஒரே நேர அச்சில் போட்டால் மழை இல்லாத நாள்களின் ஏற்ற இறக்கம் தனியாகத் தெரியும். மனுவின் முதல் பக்கம் அந்த வரைபடமாக இருக்கட்டும். ஈரமில்லாத நாள்கள்தான் உங்கள் பலம்.

மீன் செத்தால் மட்டத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். மட்டம் தாழ்ந்து, மழை பெய்து, மேல்நீர் குளிர்ந்து புரளும்போது அடியில் இருக்கும் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே வரும். விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்து மட்டத்தோடு சேர்த்துப் பதிவு செய்தால்தான் எது காரணம் என்று வாதாட முடியும்.

களிமண்:

கரை பற்றி. மழையும் ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் எழுதிய "வடிந்த கையோடு" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏரி வாரக்கணக்கில் உயரமாக நிற்கும்போது கரை மண் முழுக்கத் தண்ணீர் குடித்துவிடும். வெளியே நிற்கும் தண்ணீரே அந்தக் கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். மட்டத்தைச் சட்டென்று இறக்கினால் வெளித்தாங்கல் போய்விடுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் போவதில்லை. மணல் கரை மட்டத்தோடு சேர்ந்தே வடிந்துவிடும். களிமண்ணும் வண்டலும் கலந்த கரை வடிய நாளாகும், வாரமும் ஆகும். அந்த இடைவெளியில்தான் சரிவு. அதனால் எவ்வளவு இறங்கியது என்பதைவிட எத்தனை மணி நேரத்தில் இறங்கியது என்பதுதான் முக்கியம்.

கரை விளிம்புக்கு ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே, கரைக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா பாருங்கள். அதற்கு இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் நீள 12 மில்லிமீட்டர் கம்பிகளை அடித்து, இடைவெளியை மாதம் ஒரு முறையும், மட்டம் அரை மீட்டருக்கு மேல் இறங்கும் ஒவ்வொரு முறையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். சர்வேயரின் மட்டப் பதிவோடு இது சேரும்போது காரணமும் விளைவும் ஒரே தாளில் வந்துவிடும்.

அவசரத்துக்குச் சிமென்ட் சுவர் எழுப்பாதீர்கள். வடிதுளை இல்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு மொத்தமாகக் கவிழும். கரை அடியில் வடிகட்டித் துணி விரித்து அதன் மேல் கருங்கல் அடுக்குவது தாங்கும், தண்ணீரையும் வெளியே விடும். விரிசலைக் களிமண் திணித்து மூடி, மழைநீர் உள்ளே இறங்காமல் பாருங்கள். மேல் சரிவில் வெட்டிவேர் நடலாம், கொஞ்ச நாள் மூழ்கினாலும் சாகாது.

பிரிக்பீல்ட்ஸ் கெரான்:

அளப்பதற்கு முன் கெரானை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்துப் பாருங்கள். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் போட்டு, கரையோரத்து ஒவ்வொருவரின் நிலமும் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பட்டா வேறு, டி.ஓ.எல். (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) வேறு. டி.ஓ.எல். டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும் உரிமம், ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் உண்டு. இரண்டு வகையினரையும் ஒரே மனுவில் ஒரே கோரிக்கையோடு போட்டால் பலவீனமானவரைக் காட்டி எல்லாரையும் தள்ளிவிடுவார்கள். அடுத்து, அணை கட்டும்போது அரசு எந்த உயரக் கோடு வரை நிலத்தை எடுத்தது என்று பார்க்க வேண்டும். வாழை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் ஏறியதற்கு இழப்பீடு கேட்பது கடினம். கரை சரிவு கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் கதை வேறு.

தேசிய நிலச் சட்டம் 49ஆம் பிரிவு: கடற்கரையோ ஆற்றுப் படுகையோ நகர்ந்து தனியார் நிலத்துக்குள் வந்தால், அந்தப் பகுதி அரசு நிலமாகிவிடும். அணை ஏரிக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்குரைஞரிடம் கேளுங்கள். ஆனால் இன்றைய கரை எல்லையை சர்வே செய்து வைக்காமல் விடாதீர்கள்.

காலக்கெடு முக்கியம். தீங்கியல் வழக்குக்கு (பிறர் செயலால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்பது) காலவரைச் சட்டம் 1953படி 6 ஆண்டு. எதிர்த்தரப்பில் அரசுத் துறை இருந்தால் 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். ஒவ்வொரு சேதத்துக்கும் தேதி எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

தகவல் கேட்பதில் ஒரு தடை. தகவல் சுதந்திரச் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் இருக்கிறது, அதுவும் மாநில அமைப்புகளுக்கு மட்டும். மற்ற இடங்களில் எழுதிக் கேட்டு, கேட்டதற்கான முத்திரை வாங்கிவைக்க வேண்டும். வழக்கு என்று போனால் ஆவணங்களை நீதிமன்றம் வழியாகக் கேட்கலாம். அப்போது "முன்பே கேட்டோம், தரவில்லை" என்ற கடிதம் கைகொடுக்கும். கடிதத்தை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். தண்ணீர் மாநில அரசின் கையில், மின் உரிமம் எரிசக்தி ஆணையத்தின் கையில். மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவுக்கு டி.ஓ.தான் (மாவட்ட அதிகாரி) தலைவர், முன்னறிவிப்பு பற்றிய பகுதியை அவருக்கும் மாவட்ட ஜே.பி.எஸ்.சுக்கும் தனியாக அனுப்புங்கள்.

அணைக்கணக்கு (செந்தூல்):

மனுவில் "மட்டத்தை எப்போதும் உயரமாக வையுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் எடன்வில் அணை. வெள்ளத்தைக் கடத்தும் திறன் போதாது என்று 2018இல் மத்திய அமைப்பு அதன் மின் உரிமத்தை ரத்து செய்தது. உரிமையாளர் மட்டத்தை இறக்கினார். கரைவாசிகளுக்குப் படகுத்துறை வற்றியது. இறக்கியதில் நன்னீர்ச் சிப்பிகள் செத்தன என்று 2020 ஏப்ரல் இறுதியில் மாநில அரசு வழக்குப் போட்டது. மே 19ஆம் தேதி அணை உடைந்தது. கீழேயிருந்த சான்ஃபோர்ட் அணையும் போனது, சுமார் 10,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. உயரமாக வைக்கச் சொன்னவர்களின் ஏரியே காலியானது.

நம் நாட்டில் கீழ்க்கரையை நினைக்க வேண்டும். 2013 அக்டோபர் 23 அதிகாலை கேமரனில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து கனமழையின்போது தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே ஆற்றோரத்தில் வீடும் தோட்டமும் நெருக்கி ஆற்றின் அகலமும் குறைந்திருந்தது. உங்கள் ஏரியில் மழைக்கு முன் மட்டத்தை இறக்கி வைப்பது அவர்களுக்கு உயிர்க்காப்பு.

ஆகவே கோரிக்கையை இப்படி வையுங்கள்: மழைக்கு முன் இறக்குங்கள், ஆனால் நாள்கணக்கில் மெதுவாக, மணிக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல். அந்த எண்ணைக் களிமண் சொன்ன கம்பி அளவிலிருந்து எடுங்கள்.

கெப்போங்வாசி:

புரிந்தது. நிலத் தேடலும் அடிப்படை மட்டம் கேட்கும் கடிதமும் முதலில். பலகைக்கு இடமாகப் பழைய பாலத் தூண் ஒன்று இருக்கிறது. வாழைக்குள் தண்ணீர் ஏறிய உயரத்தை இப்போதே குறித்துவைக்க வழி உண்டா? தண்ணீர் வடிந்துவிட்டது.

பட்டர்வொர்த் சர்வே:

உண்டு, சீக்கிரம் செய்யுங்கள். மரத்தண்டில் சேறு படிந்த கோடு, வேலிக் கம்பியில் சிக்கிய சருகு, சுவரில் நின்ற கறை இவற்றின் உச்சத்தில் ஆணி அடித்துத் தேதி எழுதுங்கள். வாழைத்தண்டு மட்டை உரிந்துவிடும், டுரியான் மரம், கான்கிரீட் தூண், வீட்டுச் சுவர் போன்ற நிலையானவற்றில் அடியுங்கள். குறைந்தது ஐந்து இடம், ஒன்றுக்கொன்று தள்ளி. சர்வேயர் பலகைக்கு உயரம் கொண்டுவரும் அன்றே இந்த ஆணிகளுக்கும் உயரம் எடுக்கச் சொல்லுங்கள். தேங்கி நின்ற தண்ணீர் என்பதால் ஐந்தும் சில சென்டிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். ஒன்று மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் அது அலை தெறித்த கறை, அதை விட்டுவிடுங்கள்.